நீர்மாலைக்குத் தண்ணீர்

“...பின்ன வேற யாரு வாசல்ல போயி நிப்பிய? அந்தக் குழாயப் பிடுங்கச் சொன்னது நான்தான. இந்தத் தெருவுக்கே தெரியும்லா.”

இப்படிச் சொன்னவர் எங்கள் தெருவின் பழைய மெம்பர் அம்மா. எங்கள் ஊர் தனிப் பஞ்சாயத்தாக இருந்த கடைசிக் காலத்தில் எங்கள் வார்டுக்கு அவர்தான் உறுப்பினர். அவர் அதைச் சொன்னபோது சாயங்கால வெயில் தெருவில் இறங்கிக்கொண்டிருந்தது. நாலு வீடு தள்ளி, பலசரக்குக் கடை அண்ணாச்சி இறந்து கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தார். அவருடைய மகன் இடுப்பில் ஈர வேட்டியும் கையில் வெறுங்குடமுமாக நடுத்தெருவில் நின்றான். தெருவில் எல்லா வீட்டிலும் தண்ணீர் இருந்தது. அந்தக் குடத்துக்கு மட்டும் இல்லை.

அது எப்படி என்று சொல்ல வேண்டுமானால் நாங்கள் டவுன்காரர்கள் ஆனதிலிருந்து தொடங்க வேண்டும்.

சங்கரன்கோவிலுக்கும் எங்கள் ஊருக்கும் நடுவே முன்பு கரிசல் காடு கிடந்தது. பிறகு அதில் பிளாட் கல் ஊன்றினார்கள். பிறகு ஒரு பெட்ரோல் பங்க், ஒரு கல்யாண மண்டபம், வரிசையாக வீடுகள். கடைசியில் டவுன் எங்கே முடிந்து எங்கள் ஊர் எங்கே தொடங்குகிறது என்று பஸ் கண்டக்டர்களே குழம்பிப் போனார்கள். அந்த நேரத்தில்தான் பஞ்சாயத்தை நகராட்சியோடு சேர்க்கப் போகிறார்கள் என்ற பேச்சு வந்தது.

எனக்குப் பந்தல், சேர் வாடகைக்கு விடுகிற தொழில். விசேஷம் இல்லாத நாளில் அண்ணாச்சி கடை வாசல் பெஞ்சில்தான் உட்கார்ந்திருப்பேன். படிப்பு எட்டாங்கிளாசோடு நின்றுபோனவன் நான். மற்றதெல்லாம் அந்தப் பெஞ்சில் கேட்டதுதான். ஊரைச் சேர்ப்பதைப் பற்றி அங்கே ஒவ்வொருவரும் ஒன்று சொல்வார்கள், கேட்டு மாளாது.

“பஞ்சாயத்துன்னா தலைவரு வீட்டு வாசல்ல நின்னு கத்தலாம். இனிமே கத்துததுக்கும் டோக்கன் எடுக்கணும்” என்றார் ஒருவர். நூறு நாள் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த ஒரு அக்கா, சேர்த்த பிறகு அந்த வேலை நின்றபோது சொன்னது இது: “நேத்து வரைக்கும் கூலிக்காரி. இன்னைக்கு நான் டவுன்காரியாம். டவுன்காரிக்குக் கம்மாக்கரையில என்ன சோலின்னு கேக்காவ.” சொல்லிவிட்டுச் சிரித்தார். வாங்க வந்த சீனியை வாங்காமலே போனார்.

அண்ணாச்சிக்கு ஊரைச் சேர்ப்பது அறவே பிடிக்கவில்லை. “டவுனுக்கு நாம போகலவே. டவுனுதான் நம்மளத் தேடி வந்துருக்கு. வீட்டோட மாப்பிள்ள கணக்கா. மொதல்ல காப்பி கேக்கும், பொறவு கட்டிலக் கேக்கும், கடைசியில நம்மள எந்திரிச்சுப் போகச் சொல்லும்” என்பார்.

மெம்பர் அம்மா அதற்கு நேர் எதிர். சாமான் வாங்க வரும்போதெல்லாம் இருவருக்கும் வாய்ச்சண்டைதான்.

“வாங்க, நகராட்சி. என்ன வேணும்?”

“துவரம்பருப்பு. கல்லு இல்லாம.”

“டவுன் பருப்புல கல்லு இருக்காது. அதுல பருப்பே இருக்காது.”

“நீங்க இப்படியே பேசிட்டு இருங்க அண்ணாச்சி. வீட்டுக்குள்ள குழாய் வரும்லா, அன்னைக்கு மதினி உங்களக் கேப்பாவ.”

அந்தக் குழாய்தான் மெம்பர் அம்மாவின் ஒரே ஆசை. எங்கள் தெருவுக்கு ஒரே ஒரு தெருக்குழாய். அது இருந்தது அவருடைய வீட்டு எதிரில். வட்டமாக ஒரு சிமெண்டு மேடை, நடுவில் ஒரு இரும்புக் குழாய். தண்ணீர் வருகிற நாளில் விடியுமுன்பே குடங்கள் வரிசைக்கு வந்துவிடும். கல்யாணம் ஆகிவந்த நாளிலிருந்து அந்த வரிசையில் நின்றவர் அவர். “எம் மவ அங்கன நிக்கக் கூடாது. எந்தப் பிள்ளையும் நிக்கக் கூடாது” என்று சொல்லிச் சொல்லித்தான் ஓட்டுக் கேட்டார், ஜெயித்தார்.

ஊரும் சேர்ந்தது. அவர் சொன்னபடியே வீட்டுக்கு வீடு குழாயும் வந்தது. வேலையை முடிக்கும் முன் குழாய்க்காரர்கள் கேட்டார்கள்: தெருக்குழாயை என்ன செய்ய?

பழைய பஞ்சாயத்து ஆபீஸ் வாசலில் கூடிப் பேசினோம். ஆளாளுக்கு ஒரு சந்தேகம். மாட்டுக்குத் தண்ணி? வீட்டில் தொட்டி கட்டிக்கொள்ளலாம். கோயில் கொடைக்கு வருகிற ஜனத்துக்கு? கோயிலில்தான் போர்வெல் இருக்கிறதே. வழிப்போக்கன் தாகத்துக்கு? அண்ணாச்சி கடையில் பானை இருக்கிறது. கரண்டு போனால்? லாரி வரும். எல்லாவற்றுக்கும் பதில் இருந்தது. மெம்பர் அம்மா எழுந்து, “எடுத்துருங்க. அது இருந்தா மறுபடியும் யாராவது ஒருத்தி குடத்தத் தூக்கிட்டு அங்கன போயி நிப்பா” என்றார்.

அண்ணாச்சி விடுவாரா? “குழாய எடுத்துட்டா பொம்பளைங்க எங்க நின்னு சண்டை போடுவாளுவ? அதுக்கும் வீட்டுக்கு ஒரு கனெக்சன் குடுப்பியளோ?” என்றார். எல்லோரும் சிரித்தோம். குழாயை அறுத்து எடுத்துக்கொண்டு போனார்கள். மேடை மட்டும் கிடந்தது.

அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டோம். சாவை மட்டும் யாருமே கேட்கவில்லை. நான் கேட்டிருக்க வேண்டும். என் பிழைப்பில் பாதி சாவு வீட்டில்தான். எனக்கும் தோன்றவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், எடுப்பதற்கு முன்பு நீர்மாலைக்குப் போவார்கள். மகனும் பங்காளிகளும் ஈரத்துணியோடு குடம் எடுத்து, சங்கும் சேகண்டியும் முன்னால் போக, தலைக்கு மேல் ஒரு வெள்ளை வேட்டியை நாலு பேர் விரித்துப் பிடிக்க, தண்ணீர் எடுத்து வருவார்கள். இறந்தவரைக் கடைசியாகக் குளிப்பாட்டுவது அந்தத் தண்ணீரில்தான். அது ஊர்த்தண்ணீராக இருக்க வேண்டும். முன்னால் கிணறு. கிணறு வற்றி அதைத் தூர்த்த பிறகு தெருக்குழாய். வீட்டுத் தண்ணீரை மட்டும் தொடமாட்டார்கள். எந்த வீட்டில் நீர்மாலைத் தண்ணீர் பிடிக்கிறார்களோ, அடுத்த நீர்மாலை அந்த வீட்டுக்கு என்பது எங்கள் ஊரில் எல்லோர் மனதிலும் ஊறிக் கிடக்கிற பயம். நம்பாதவர்கள்கூடத் தங்கள் வீட்டில் அதைப் பரீட்சை செய்து பார்க்கமாட்டார்கள்.

குழாய் போன பிறகு எங்கள் ஊரில் விழுந்த முதல் சாவு அண்ணாச்சியுடையது. காலையில் கடை ஷட்டரைப் பாதி தூக்கினவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே முடிந்துவிட்டது. திருப்பூரில் வேலை பார்க்கும் மகன் மதியத்துக்கு மேல் வந்து சேர்ந்தான். நான் பந்தல் போட்டு, சேரைப் பிரித்து வைத்தேன். எத்தனையோ பந்தல் போட்ட கைதான். அன்றைக்குக் கயிற்றில் முடிச்சு விழவில்லை.

எடுக்க நேரமானது. சங்கு ஊதுகிறவர், “நீர்மாலைக்கு எங்கன போவணும்?” என்று கேட்டார். நாங்கள் அஞ்சாறு பேர் ஒரே நேரத்தில் கையை நீட்டினோம். நீட்டிய இடத்தில் சிமெண்டு வட்டம் மட்டும் இருந்தது. ஒவ்வொரு கையாகக் கீழே இறங்கியது.

அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

மகன் பாவம், வெளியூரிலேயே இருந்தவன். “கேன் தண்ணி வாங்கிட்டு வந்துரட்டா?” என்று கேட்டான். உள்ளே இருந்த மதினிக்கு, அதாவது அண்ணாச்சியின் மனைவிக்கு, அது கேட்டுவிட்டது. எழுந்து வாசலுக்கு வந்தார்.

“கேன் தண்ணியா? ஊருல ஒரு வீடு விடாம எல்லாச் சாவுக்கும் முன்ன நின்ன மனுசம்லே. யாரு செத்தாலும் கடையப் பூட்டிட்டு வேட்டியப் பிடிக்கப் போவாவ. அவியளுக்குக் கேன் தண்ணியா? எனக்கு ஒண்ணும் வேண்டாம். மேளம் வேண்டாம், வெடி வேண்டாம். ஊருத்தண்ணி ஒரு குடம் கொண்டாங்க. அது இல்லாம அவியள எடுக்க விடமாட்டேன்.”

சொல்லிவிட்டுப் பெட்டியின் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். அவர் தோளை அணைத்துக்கொண்டு காலையிலிருந்து பக்கத்தில் இருந்தவர் மெம்பர் அம்மா.

கோயில் போரில் எடுக்கலாம் என்று ஒருவர் தொடங்கி, தானே நிறுத்திக்கொண்டார். சாமிக்கு ஊற்றுகிற தண்ணீரை இதற்கு எடுக்க முடியாது. மற்றத் தெருக்களிலும் குழாயை எடுத்திருந்தார்கள், கம்மாய் வறண்டு கிடந்தது, ஊருணியில் சாக்கடை நின்றது. மிச்சம் இருந்தது ஒன்றுதான். பழைய எல்லையில் இருக்கிற சின்னப் பாலத்தைத் தாண்டினால், டவுனின் பழைய தெரு ஒன்றில் இன்னும் ஒரு தெருக்குழாய் இருந்தது. அண்ணாச்சியின் மூத்த அண்ணனை, நாங்கள் பெரியண்ணாச்சி என்போம், வண்டியில் பின்னால் ஏற்றிக்கொண்டு கேட்கப் போனேன்.

குழாய்க்கு எதிர்வீட்டுக்காரர் எங்களை உட்காரச் சொன்னார். விஷயத்தைக் கேட்டுத் துக்கப்பட்டார். பிறகு, “உங்க ஊருல குழாய் இல்லியா?” என்றார்.

“இப்பம் உங்க ஊருதான எங்க ஊரு” என்றார் பெரியண்ணாச்சி.

“அது வரிக்குத்தான அண்ணாச்சி. சாவுக்குமா?”

கேலியாகச் சொல்லவில்லை, அவருக்கே அது வாயிலிருந்து எப்படி வந்தது என்று தெரியவில்லை. உடனே பெரியண்ணாச்சியின் கையைப் பிடித்துக்கொண்டார். “கோவிச்சுக்கிடாதிய. நாளைக்கு எங்க தெருவுல ஒரு கல்யாணம். பொண்ணுக்குத் தண்ணி எடுக்கதும் இந்தக் குழாயிலதான். இன்னைக்குப் போயி இதுல நீர்மாலைன்னா... நீங்களே சொல்லுங்க.”

குழாய்க்கு மேலே வாழைமரம் கட்டிய பந்தல் நின்றது. அது என் பந்தல்தான்.

திரும்பி வரும்போது, பாலத்தைத் தாண்டியதும் பெரியண்ணாச்சி, “அவன் சொன்னதுல தப்பு இல்லவே. நம்ம ஊருக்கு வந்து கேட்டிருந்தா நானும் இதத்தான் சொல்லிருப்பேன்” என்றார்.

தெருவில் எல்லோரும் எங்கள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார்கள். மகனின் சேக்காளி ஒருவன், “ஏதாவது ஒரு வீட்டுல இருந்து டியூப இழுத்து அந்த மேடையில போட்டுருவோம். தெருவுல விழுந்தா தெருத்தண்ணிதான?” என்றான்.

“டியூபுக்கு ரெண்டு முனை இருக்குலே. ஒரு முனை எந்த வீட்டுல மாட்டுவ? ஒங்க வீட்டுலயா?” என்று கேட்டார் பெரியண்ணாச்சி. அவன் தலையைக் குனிந்துகொண்டான். நாங்களும்தான். யாரும் யாருடைய வீட்டையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எந்த வாசலைப் பார்த்தாலும் கேட்டதுபோல ஆகிவிடும். நானும் என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பேரனுக்குக் காய்ச்சல் விட்டு இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. ஒவ்வொருவருக்கும் அப்படி ஒன்று இருக்கும்.

வெயில் சாய்ந்துகொண்டே வந்தது. பொழுது இறங்கிவிட்டால் எடுக்க மாட்டார்கள், மறுநாள்தான். உள்ளே மதினி பெட்டியின் மேல் கன்னத்தை வைத்துக்கொண்டு, “தண்ணி வந்துட்டா? தண்ணி வந்துட்டா?” என்று வருகிற பெண்களிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். அந்தக் குரல் பந்தல்வரை வந்தது.

அப்போதுதான் மெம்பர் அம்மா வெளியே வந்தார். நேராகப் பெரியண்ணாச்சியிடம் போய், “எங்க வீட்டுக் குழாயில பிடிச்சுக்கிடுங்க” என்றார்.

அவர் வீட்டுப் பக்கம் மட்டும் யாரும் மனசாலும் போகாததற்குக் காரணம் இருந்தது. அவர் மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். நாள் நெருங்கிவிட்டது. சாவுக்காற்று படக்கூடாது என்று காலையிலிருந்து அந்த வீட்டு ஜன்னல்கள் சாத்தியே கிடந்தன.

“வேண்டாம் தாயி” என்றார் பெரியண்ணாச்சி. “பிள்ள அங்கன வயித்துப்பிள்ளக்காரியா இருக்கா. நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆயிட்டா, என் தம்பிக்கு ஊத்துன தண்ணியாலன்னு சொல்லுவாவ. அந்தப் பழி எங்க குடும்பத்துக்கு வேண்டாம். நாளைக்கு எடுத்துக்கிடுதோம்.”

“நாளைக்கு மட்டும் தண்ணி எங்கேருந்து வரும்?” என்றார் மெம்பர் அம்மா. “எனக்குப் பயமா இல்லன்னு நெனைக்காதிய. ஆனா உள்ள மதினி கேக்க ஒவ்வொரு தடவையும் எனக்கு நெஞ்சுல அடிச்ச மாதிரி இருக்கு. அவியளுக்கு நான் என்ன பதில் சொல்ல? பின்ன வேற யாரு வாசல்ல போயி நிப்பிய?” என்றார்.

குழாயைப் பிடுங்கச் சொன்னது தான்தான் என்று அவர் சொல்லி முடித்தபோது, பெரியண்ணாச்சி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

மெம்பர் அம்மா அதற்கு மேல் யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கவில்லை. தன் வீட்டை நோக்கி நடந்தார். இரும்புக் கேட்டின் இரண்டு கதவுகளையும் விரியத் திறந்து, கதவுக்கு ஒரு கல் வைத்தார். குழாயடியில் கவிழ்த்திருந்த பாத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுவரோரம் அடுக்கினார். பிறகு தெருவுக்கு வந்து, நின்ற இடத்திலேயே நின்றுகொண்டிருந்த அண்ணாச்சி மகனின் கையிலிருந்து குடத்தை வாங்கிக்கொண்டு போய், குழாயின் கீழ் வைத்துத் திறந்துவிட்டார்.