உள்ளே விட்டது யார்?

ஆப்கானிஸ்தானை விட்டு ரஷ்யப் படை வெளியேறிவிட்டது என்று காலைச் செய்தியில் சொன்னார்கள். அன்று மதியமே, மலைக்குப் போகும் பஸ்ஸின் கண்டக்டர் படவேட்டில் என் வீட்டு வாசலில் நின்று, "சார், உங்க சரித்திர சார் போய்ட்டாருங்க" என்றார். அருணாசலம் சார் அந்தச் செய்தியைக் கேட்டுவிட்டுப் போனாரா, கேட்காமலே போனாரா என்றுதான் முதலில் நினைத்தேன்.

ஜவ்வாது மலைப் பள்ளியில் எங்களோடு வேலை பார்த்த எல்லோருக்கும் அவரைத் தெரியும். செத்தவரை நல்லவர் என்று சொல்லிவிடுவது நமக்குச் சுலபமாக வருகிறது. எனக்கு வரவில்லை. அவர் வாய் தேள்கொடுக்கு. நான் கணக்கு வாத்தியாராகச் சேர்ந்த அன்றே, "கணக்கா? இங்க பாதிப் பேருக்குப் பசியே கணக்குல வரலீங்க. போய் நடத்துங்க" என்றார். ஆனால் சரித்திரம் நடத்தினால் நானும் ஜன்னலோரம் நின்று கேட்பேன். எந்தப் படையெடுப்பு ஆனாலும் பாடத்தின் முடிவில் ஒரே கேள்விதான்: "வந்தவனை விடு. உள்ளே விட்டது யார்?"

பள்ளிக்குப் பக்கத்தில் இரண்டு ஊர்கள். மேலூர், கீழூர் என்றே வைத்துக்கொள்வோம். நடுவில் ஒரு புளியந்தோப்பு. ஒரு வருஷம் இவர்கள் உலுக்கினால் மறு வருஷம் அவர்கள். சண்டை வராத வருஷம் இல்லை. ஆனாலும் எவனும் அடுத்தவன் முறையில் மரம் ஏறமாட்டான். இரண்டு பக்கமும் சமபலம், சமபயம்.

ரஷ்யப் படை காபூலில் இறங்கிய சமயம், டீக்கடையில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். மேலூர்த் தலைவர் பொன்னன் கேட்டார்: "இன்னா சார், அந்த ஊரு தலைவரே வெளியாளக் கூப்ட்டாராமே? பெரிய ஆளக் கூப்ட்டா எதிராளி அடங்கிடுவானா?"

அழைத்த தலைவரைத்தான் வந்த படை முதலில் சுட்டுக் கொன்றது. அருணாசலம் சாருக்கு அது தெரியும். காலையில் என்னிடம் சொன்னவரே அவர்தான். ஆனால் ஒரு சிரிப்புக்கு ஆசைப்பட்டு, "கூப்ட்டுப் பாருங்க, அப்பத் தெரியும்" என்றார். கடை முழுக்கச் சிரித்தது. பொன்னன் சிரிக்கவில்லை.

அந்த வருஷம் கீழூரின் முறை. பொன்னன் கலசப்பாக்கத்துப் புளி வியாபாரி ஒருவரிடம் போனார். லாரியில் தடியோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். கீழூரில் நாலைந்து வீடு எரிந்தது. தோப்பு முழுவதையும் மேலூர் உலுக்கியது. பொன்னன் மாலை போட்டுக்கொண்டு ஊர்வலம்கூட வந்தார்.

ஆட்கள் திரும்பிப் போகவில்லை. தோப்பிலேயே கொட்டகை போட்டார்கள். அடுத்த பருவத்தில், "உன் ஊரு ஆளுங்களக் கூலிக்குக் கூட்டியா" என்று பொன்னனிடம் சொன்னார்கள். மறுத்தவரைப் புளியமரத்தில் கட்டி, சொந்த ஊர் பார்க்க அடித்தார்கள். கீழூர்க்காரர்கள் மேட்டில் நின்று பார்த்தார்கள். ஒருவரும் இறங்கி வரவில்லை. வீடு எரிந்தவர்கள் எதற்கு வருவார்கள்? அந்த அடியிலேயே பொன்னன் போய்ச் சேர்ந்தார். பிறகு இரண்டு ஊரும் ஒரே கொட்டகையில் கூலிக்குப் புளி உடைத்தது, ஒருவரோடு ஒருவர் பேசாமல்.

பொன்னனின் மகள் வள்ளி அப்போது ஒன்பதாம் வகுப்பு. காரியம் முடிந்து அவள் பள்ளிக்கு வந்த அன்றும் சார் வழக்கம்போல், "உள்ளே விட்டது யார்?" என்று கேட்டார். பிள்ளைகள் தலைகுனிந்தார்கள். வள்ளி எழுந்தாள். "எங்கப்பா, சார்."

நான் ஜன்னலோரம் நின்றிருந்தேன். சார் குரல் மாறவே இல்லை. "இன்னொருத்தனும் இருக்கான். சொல்லு."

அவள் அவரை நேராகப் பார்த்து, "நீங்க, சார்" என்றாள்.

"இப்பதான் முழு மார்க்கு. உக்காரு."

ஒரு பெண் குழந்தையிடம் அப்படியா கேட்பது? அன்று அவர்மேல் வந்த கோபம் இன்றும் எனக்குத் தணியவில்லை. ஆனால் மாற்றல் கேட்காமல், ஓய்வு பெற்ற பிறகும் மலையை விட்டு இறங்காமல் அங்கேயே கிடந்தார். டீக்கடைப் பக்கம் மட்டும் அதற்குப் பிறகு அவர் போகவே இல்லை.

அடக்கத்துக்கு இரண்டு ஊரும் வந்திருந்தது, தனித்தனியாக. வள்ளி கொட்டகையிலிருந்து நேரே வந்திருந்தாள். விரல் நுனியெல்லாம் புளிக்கறை. அவளிடம் ரஷ்யப் படை போய்விட்ட செய்தியைச் சொன்னேன்.

"மெய்யாலுமா? எத்தினி வருசம் ஆச்சு சார்?"

"ஒன்பது இருக்கும்மா."

குழியில் மண் விழுவதைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "அவங்கள வெளிய அனுப்புனது யாரு சார்?"

இத்தனை வருஷத்தில் அருணாசலம் சார் ஒருநாளும் கேட்காத கேள்வி அது. விடைக்கு அவள் காத்திருக்கவில்லை. கீழூர்க்காரர்கள் நின்றிருந்த பக்கமாக நடந்தாள். அவர்கள் விலகவில்லை.

சாரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அவருடைய ஒற்றைக் கேள்வி. வள்ளியின் கேள்வியைச் சொல்லத்தான் அவர் இல்லை.