ஜப்பானிலிருந்து வந்த மூச்சு மெஷின்

எங்கள் பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் அப்போதெல்லாம் எந்நேரமும் ஒரு முனகல் கேட்டுக்கொண்டிருக்கும். தொட்டால் வெதுவெதுப்பாக இருக்கும் ஓர் இரும்புப் பெட்டியின் முனகல் அது. தூக்கினால் கை கடுக்கும் என்பதால் நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'செங்கல்'. ஷா ஆலம் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த அப்பாவைப் பயிற்சிக்காக ஜப்பானுக்கு அனுப்பியபோது அம்மாவும் நானும் கூடவே போய்ச் சில வருடங்கள் இருந்தோம்; தம்பி தினேஷ் அங்கேதான் பிறந்தான். திரும்பும்போது ரைஸ் குக்கர், காற்றாடி, தம்பியின் இளைப்புக்கு மருந்தை ஆவியாக்கிக் கொடுக்கும் நெபுலைசர் என்று அங்கே வாங்கிய எல்லாவற்றையும் அப்பா கப்பலேற்றிவிட்டார். அந்த ஊர் மின்சாரம் நூறு வோல்ட். இங்கே இருநூற்று நாற்பது. சுவரிலிருந்து வருவதை அந்த அளவுக்குக் குறைத்துக் கொடுக்கத்தான் 'செங்கல்'. அதில் சொருகித்தான் எதையும் ஓட்டவேண்டும். இங்கேயே புதிதாக வாங்கிவிடலாமே என்று அம்மா கேட்கும்போதெல்லாம், "ஜப்பான் சாமான் லா, லேசுல கெடாது" என்பார் அப்பா.

அந்த வருடம் காடெரிந்து வந்த புகைமூட்டம் கடுமையாக இருந்தது. எதிர் புளோக்கே கண்ணுக்குத் தெரியாது. உலர்த்திய துணியெல்லாம் கரி வாடை அடிக்கும். நான்கு வயது தினேஷுக்கு மூச்சு விசிலடிக்கத் தொடங்கிவிட, எங்கள் வீட்டில் 'மூச்சு மெஷின்' ஓயாமல் ஓடியது.

சனிக்கிழமைகளில் அப்பாவுக்கும் அம்மாவுக்கும் வேலை இருந்ததால், அப்பாவின் அக்கா கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்து தம்பியைப் பார்த்துக்கொள்வார். துணிக்கடையில் வேலை செய்துகொண்டிருந்த அத்தைக்குப் பிள்ளைகள் இல்லை. வாராவாரம் அந்த ஒரு நாளைக் கேட்டு வாங்கி விடுப்பு எடுத்துக்கொண்டு, பையில் கச்சான் பூத்தே கடலைப் பொட்டலத்தோடு வந்து நிற்பார்.

அன்று நான் டியூஷன் முடிந்து படியேறிக்கொண்டிருந்தபோது, அத்தை வெறுங்காலோடு தினேஷைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி வந்தார். தம்பியின் உதடு சாம்பல் நிறத்தில் இருந்தது. பின்னாலேயே கீழ் வீட்டு மணியம் அங்கிள் கார் சாவியோடு ஓடிவந்தார்.

"ஏறுங்கக்கா, ஏறுங்க. அப்புறம் பேசிக்கலாம் லா" என்றார் அவர்.

ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை அத்தை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். "போட்டேன், டப்புனு வெடிச்சிருச்சும்மா. போட்டேன், டப்புனு வெடிச்சிருச்சு."

தம்பிக்கு இளைப்பு கண்டதும், அதுவரை தான் ஓட்டியிராத மெஷினை அவர் எடுத்திருக்கிறார். தட்டையான இரண்டு கால் பிளக் சுவரில் நுழையவில்லை. 'செங்கல்' அடுக்களையில் குக்கரோடு இருந்தது; அத்தைக்கோ மேசை இழுப்பறையில், வோல்ட்டைக் குறைக்காமல் பிளக்கின் காலை மட்டும் மாற்றும் ஓர் அடாப்டர் கிடைத்தது. அதை மாட்டி நேராகச் சுவரில் சொருகிவிட்டார்.

மருந்தும் காற்றும் கொடுத்தபின் தினேஷ் தேறிவிட்டான். அம்மா வந்தபோது அவன் பிஸ்கட் கேட்டுக்கொண்டிருந்தான். அம்மா அவனைத் தொட்டுப் பார்த்துவிட்டு அத்தை பக்கம் திரும்பினார்.

"டிரான்ஸ்போமர்ல போடணும்னு தெரியாதா அண்ணி?"

குரலை உயர்த்திக்கூடக் கேட்கவில்லை. அத்தை தலையைக் குனிந்துகொண்டார். அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கடையில் ஆளில்லை என்று அப்பாவிடம் போனில் சொன்னாராம்.

கருகிய மெஷினைப் பாகம் பாகமாகக் கழற்றி வைத்துக்கொண்டு அப்பா உட்கார்ந்திருப்பார். பழுதுபார்க்க அதில் ஒன்றுமில்லை என்று தெரிந்தும் கழற்றுவார். "அப்பவே இங்க ஒன்னு வாங்கியிருக்கணும்" என்று யாரிடம் என்றில்லாமல் சொல்வார். அம்மா மனதில் வேறு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு கிள்ளானுக்குப் போனார். அத்தை கதவைத் திறந்ததும் தினேஷ் அவர் காலைக் கட்டிக்கொண்டான். அத்தை அவனைத் தூக்கவில்லை. தலையில் கைவைத்தபடியே நின்றார்.

"அண்ணி, தப்பு என்னோடது. அன்னிக்கு அவசரத்துல உங்ககிட்ட ஒன்னுமே சொல்லாம போயிட்டேன். அதுக்கு மேல ஆஸ்பத்திரில அப்படி வேற கேட்டுட்டேன்" என்றார் அம்மா.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "சொன்னியேம்மா. செருப்ப மாட்டிக்கிட்டே சொன்ன, பெட்டியில சொருகுங்கன்னு. பிள்ள மூச்சு வாங்கினதும் எனக்குத்தான் எல்லாம் மறந்துபோச்சு."

"இல்ல அண்ணி, நான் சொல்லல."

"சொன்ன. என் காதுல இன்னும் கேட்குது."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. பழியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளத்தான் அந்தச் சண்டை. கடைசியில் அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. அத்தை தேத்தண்ணீர் போட எழுந்து போனார். அம்மா சொன்னாரா இல்லையா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நான் அதற்கு முன்பே டியூஷனுக்குக் கிளம்பிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை அத்தை வந்தார். அதற்குள் அப்பா உள்ளூர் நெபுலைசர் ஒன்று வாங்கி வைத்திருந்தார். பிறகு ஜப்பான் சாமான்களும் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போய்விட்டன. அத்தை பழையபடி சிரித்தார், சமைத்தார், தம்பியைத் தூங்கவைத்தார். ஆனால் மின்சாரத்தில் ஓடும் எதையும் அவர் தொடவில்லை. காற்றாடி வேண்டுமென்றால் நான் வரும்வரை விசிறிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இப்போது எந்த நாட்டுக்குப் போனாலும் ஒரே சார்ஜர் போதும். அந்த முனகும் பெட்டியைப் பற்றிச் சொன்னால் என் பிள்ளைகளுக்குப் புரிவதில்லை. அப்பா இல்லை. நாங்கள் இருந்த புளோக்கையும் இடித்துவிட்டார்கள். தினேஷ் சுபாங் ஜெயாவில் இருக்கிறான், பூப்பந்து ஆடுகிறான், இளைப்பு எப்போதோ விட்டுப்போயிற்று. வயதான அத்தை அவனோடுதான் இருக்கிறார். அந்தச் சனிக்கிழமை அவனுக்குக் கொஞ்சமும் நினைவில்லை.

போன வாரம் போயிருந்தேன். அவன் வேலைவிட்டு வந்ததும் அத்தை தன் கைப்பேசியையும் சார்ஜரையும் அவனிடம் நீட்டினார். "இதக் கொஞ்சம் சொருகிவிடுய்யா." பக்கத்துச் சுவரிலேயே பிளக் இருந்தது. தினேஷ் ஏன் என்று கேட்கவில்லை. வாங்கிச் சொருகிவிட்டுச் சட்டையை மாற்றப் போனான். சிறிய பச்சை விளக்கு எரிகிறதா என்று அத்தை தூரத்திலிருந்தே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.