கறுப்புப் பையைத் தொடக்கூடாது

சென்ற வாரம் ஓர் இளைஞர் போன் செய்தார். குரலில் அத்தனை பணிவு. இவ்வளவு பணிவாகப் பேசுகிறவர்கள் கிரெடிட் கார்டு விற்பார்கள் என்பது என் அனுபவம். வைத்துவிடப் போனேன், முந்திக்கொண்டார்.

"சார், செல்வம் அண்ணனுக்குப் பாராட்டு விழா எடுக்கறோம். பாம்பு புடிக்கிற செல்வம். அவரப் பத்தி மொத மொதல்ல எழுதினது நீங்கதானாமே. அந்தக் கட்டுரைய விழா மலர்ல போட்டுக்கலாமா?"

"குடும்பத்தோட வர்றாரா?" என்று கேட்டேன்.

"அண்ணனுக்கு ஏது சார் குடும்பம்? பாம்புங்கதான் அவருக்குக் குடும்பம்" என்று சிரித்தார். இதையும் மலரில் போடுவார்கள்.

யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்தேன். என் டாக்டர் உப்பு, ஊறுகாய், கோபம் மூன்றையும் நிறுத்தச் சொல்லியிருக்கிறார். முதல் இரண்டையும் விட்டுவிட்டேன்.

அந்தக் கட்டுரையை எழுதியபோது எனக்கு இருபத்தைந்து வயது. திருச்சியில் வேலை, ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக்கரைப் பக்கம் மாடி போர்ஷனில் வாடகைக்கு வாசம். கீழ் போர்ஷனில் செல்வம், அவர் மனைவி மல்லிகா, ஆறு வயதுப் பிரியா, அப்போதுதான் தவழ ஆரம்பித்திருந்த ஒரு பயல். இவர்களைத் தவிர வாரத்துக்கு வாரம் மாறும் சில உருப்படிகள். செல்வத்துக்கு அரியமங்கலத்தில் ஒரு லேத் பட்டறையில் வேலை. பாம்பு பிடிப்பது சேவை. ஞாயிறு மட்டும்தான் லீவு என்பதால், திங்கள் தொடங்கிப் பிடித்ததையெல்லாம் ஞாயிறன்று மொத்தமாக முக்கொம்பு தாண்டிக் கொண்டுபோய் விடுவார். நடுவில் உள்ள நாட்களுக்கு அவை எங்கே இருந்தன என்று நீங்கள் கேட்டால், நீங்கள் என்னைவிட புத்திசாலி. நான் கேட்கவில்லை.

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கின. கறுப்புத் துணிப் பைகளில், வாய் முடிச்சுப் போட்டு. பைகளைத் தன் மெஷினில் தைத்துக் கொடுத்தவர் மல்லிகா. நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன் என்று எந்தப் பாரபட்சமும் இல்லாமல் ஒரே ஆணி வரிசை. அதற்கு நேர் கீழே பயலின் தொட்டில்.

பாம்பு இருக்கும் இடத்தில் உருளைக்கிழங்கு வேகும் வாசனை வரும் என்பார்கள். அந்த வீட்டில் பினாயில் வாசனைதான் வந்தது. மல்லிகா ஒரு நாளைக்கு மூன்று தடவை தரையைத் துடைப்பார். துடைத்தால் பாம்புகள் போய்விடும் என்றல்ல, வேறு எதுவும் அவர் கையில் இல்லை. இன்றைக்கும் ஏதாவது ஆஸ்பத்திரி வராந்தாவில் பினாயில் வாடை அடித்தால் எனக்குக் குனிந்து துடைக்கும் அந்த முதுகுதான் ஞாபகம் வருகிறது.

அந்த வீட்டில் டெலிபோன் என்னிடம் மட்டும்தான் இருந்தது, ஆபீஸ் கொடுத்தது. ஊரில் யார் வீட்டுக் கொல்லையில் பாம்பு வந்தாலும் எனக்குத்தான் மணி அடிக்கும். "கெணத்தடியிலங்க, இவ்ளோ நீளங்க" என்பார்கள். போனில் எவ்வளவு நீளம் என்று கையை விரித்தும் காட்டுவார்கள், சத்தத்திலேயே தெரியும். நான் விலாசத்தைக் குறித்துக்கொண்டு மாடியிலிருந்து கத்துவேன். செல்வம் கொக்கியோடு சைக்கிளில் பறப்பார். பாம்பைத் தொடாமலே பாம்பு பிடிக்கிறவன் என்ற பேர் எனக்கும் கொஞ்சம் ஒட்டியது. வாழ்க்கையில் ஒரு தடவையாவது தைரியசாலி என்று பேர் வாங்க வேண்டாமா.

மல்லிகா ஒரு நாள் மாடிப்படியில் பாதி ஏறி நின்றார். மேலே வரமாட்டார், கல்யாணமாகாதவன் இருக்கும் இடம்.

"அண்ணே, நீங்க படிச்சவரு. நீங்க சொன்னா கேப்பாரு. புடிச்ச அன்னிக்கே எங்கயாவது விட்டுட்டு வரச் சொல்லுங்கண்ணே. வீட்டுல கொழந்தைங்க இருக்கு."

சொல்கிறேன் என்றேன். சொல்லத்தான் கீழே இறங்கினேன். செல்வம் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தார். காபி வந்தது, மல்லிகாதான் கொண்டுவந்தார். நான் ஆரம்பிப்பதற்குள் செல்வம் மகளைக் கூப்பிட்டார்.

"பாப்பா, சாருக்குச் சொல்லு. கறுப்புப் பைய?"

"தொடக்கூடாது" என்றாள் பிரியா, கையைக் கட்டிக்கொண்டு, ஸ்கூலில் சொல்வதுபோல.

"பாத்தீங்களா சார். எம்புள்ளைக்கு எல்லாம் தெரியும். பழக்கத்துல இருக்கு."

நான் பிரமாதம் என்றேன். காபியைக் குடித்துவிட்டு மேலே வந்தேன். இப்படி மல்லிகா கேட்டு நான் இறங்கியது மூன்று முறை. மூன்று முறையும் காபி நன்றாக இருந்தது.

அதோடு விட்டேனா. ஒரு வாரப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுதினேன். பாம்புகளுக்கு டெலிபோன் எடுக்கும் பிரம்மச்சாரி என்று என்னைப் பற்றித்தான் பாதி. மீதிப் பாதியில் செல்வத்தின் வீரம், பிரியாவின் மழலை. "தொட்டிலுக்கு மேலே பாம்பு, பாம்புக்குக் கீழே தூக்கம்" என்று ஒரு வரி. அந்த வரிக்காக நாலு பேர் கைகுலுக்கினார்கள். மல்லிகா அதில் ஒரே ஓர் இடத்தில் வந்தார், காபி டம்ளரோடு.

கட்டுரை வந்ததும் போன் ஓயவில்லை. தில்லைநகர், உறையூர் என்று எங்கிருந்தோ கூப்பிட்டார்கள். அது மழைக்காலம் வேறு. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் செல்வம் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"சார், பை எல்லாம் ஃபுல்லு. ஏதாவது கெட்டித் துணி இருக்கா?"

நான் ஓடினேன். என் தலையணையிலிருந்து உறையை உருவினேன். மஞ்சள் பூப் போட்ட உறை. மேலேயிருந்து போட்டேன், அவர் ஒற்றைக் கையால் பிடித்தார். இருவரும் சிரித்தோம். இயக்கத்துக்குத் துணி கொடுத்த தியாகியாக என்னை நினைத்துக்கொண்டேன்.

அதில் ஒரு கண்ணாடி விரியன் வந்தது. மேல் ஆணிகளில் இடம் இல்லாததால் கட்டில் பக்கத்துக் கீழ் ஆணியில் மாட்டினார்.

சனிக்கிழமை காலை செல்வம் பட்டறைக்குப் போய்விட்டார். மல்லிகா கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தார். அழுக்குத் துணிகளைப் பொறுக்கிக் கொண்டுவந்து கொடுப்பது பிரியாவின் வேலை. நான் முகத்தில் சோப்போடு நின்றபோது அந்தக் குரல் கேட்டது. அழுகைகூட இல்லை. "அம்மா, மாடி அங்கிள் தலகாணி கடிக்குது" என்றாள்.

அவள் கறுப்புப் பை எதையும் தொடவில்லை. சொல்லிக் கொடுத்ததை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தாள். பூப் போட்ட உறையைத்தான் அடியில் பிடித்து இழுத்தாள். துணியோடு சேர்த்துக் கடித்துவிட்டது.

ஆட்டோவில் காவிரிப் பாலம் தாண்டும்போது மல்லிகா என்னைத் திட்டியிருக்கலாம். மகளின் கையைப் பார்த்துக்கொண்டே வந்தார். கை வீங்கிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரியில் அவளைக் காப்பாற்றினார்கள். பல நாள் ஆயிற்று. வலது கை ஆள்காட்டி விரலைக் காப்பாற்ற முடியவில்லை. அன்றைக்குச் செல்வம் பட்டறை உடுப்போடு ஓடிவந்தார், அழுதார், அதில் குறை சொல்ல மாட்டேன். அழுது முடித்துவிட்டு என்னிடம் வராந்தாவில் சொன்னார்:

"பாம்பு மேல தப்பில்ல சார். கைல நசுங்குனா அது என்ன பண்ணும்? கறுப்பா இருந்திருந்தா எம்புள்ள தொட்டிருக்கவே மாட்டா."

நியாயமான பேச்சு. அதுதான் தாங்கவில்லை. யார் மேலும் தப்பில்லை, துணியின் நிறம்தான் தப்பு. மறுநாள் ஞாயிறு. மகள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறாள், இவர் பைகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு முக்கொம்புக்குப் போய்வந்தார். அவைகளும் உயிர்தானே என்றார். தெருவில் அதற்கும் அவரை மெச்சினார்கள். விஷத்தை அடையாளம் சொல்லிப் பெண்ணைக் காப்பாற்றிய தகப்பன் என்றும் மெச்சினார்கள். விஷம் எப்படி அந்த வீட்டுக்குள் வந்தது என்று கேட்க ஒருவருக்கும் வாய் வரவில்லை. எனக்கு வந்ததா? நான் போனை ஆபீசுக்குத் திருப்பிக் கொடுத்தேன். என் தைரியத்துக்கு அவ்வளவுதான் நீளம். மல்லிகா இரண்டு பிள்ளைகளையும் தையல் மெஷினையும் எடுத்துக்கொண்டு மணப்பாறையில் அண்ணன் வீட்டுக்குப் போனார். திரும்பவில்லை.

அந்த இளைஞருக்கு இதைத்தான் அனுப்பப்போகிறேன். போடமாட்டார்கள். விழா நன்றாகவே நடக்கும். செல்வத்துக்கு ஒரு சால்வை கிடைக்கும், புதிதாக இரண்டு பையன்கள் ஆளுக்கொரு பையோடு வீட்டுக்குப் போவார்கள், அந்த வீடுகளிலும் தொட்டில் இருக்கும்.

கொள்ளிடக்கரை வீட்டை இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே நாலு மாடி பிளாட். அதற்காக நான் வருந்தவில்லை, இன்னும் முன்னாலேயே இடித்திருக்கலாம். போன வருஷம் மணப்பாறையில் ஒரு கல்யாணத்துக்குப் போனவன், பிரஷர் மாத்திரையை மறந்துவிட்டு மருந்துக் கடையில் ஏறினேன். கவுண்டரில் இருந்த பெண் மாத்திரை அட்டையை இடது கையால் கத்தரித்தாள்.

"நீங்க மாடி அங்கிள்தானே?"

வலது கையைப் பார்க்காமல் இருக்க நான் பட்ட பாட்டை அவள் கவனித்திருப்பாள். அம்மா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"நல்லாருக்காங்க அங்கிள். தையல் கடை வெச்சிருக்காங்க. ஆனா யாருகிட்டயும் எதுவும் கேக்கமாட்டாங்க. போன மழைல ஓடு பேந்துருச்சு, பக்கத்து வீட்டுல ஆம்பளைங்க நாலு பேரு இருக்காங்க, கூப்புடல. அவங்களே ஏணி போட்டு ஏறிட்டாங்க. ஏம்மா, ஒரு வார்த்த சொன்னா வரமாட்டாங்களான்னேன். அதெல்லாம் சொல்லிப் பாத்தாச்சுன்னாங்க."