பென்னாகரத்திலிருந்து இறக்கம்

சனி, காலை 6.40. பென்னாகரம் பேருந்து நிலையத்தில் டீயைப் பாதியில் வைத்துவிட்டு ஓடத் தொடங்கினோம். ஒகேனக்கல் பதினாறு கிலோமீட்டர். என் சித்தி மகள் சுமதி வனக்காவலர் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள், வரும் வெள்ளிக்கிழமை நடைத்தேர்வு. பெண்கள் பதினாறு கிலோமீட்டரை நான்கு மணி நேரத்தில் நடந்து முடிக்க வேண்டும். அதியமான்கோட்டையில் தினமும் எட்டு, பத்து என்று நடந்து பழகிக்கொண்டிருந்தவளை, பெங்களூரிலிருந்து விடுமுறைக்கு வந்த நான்தான் கிளப்பினேன். அதே தூரம், அதுவும் இறக்கம். விடுவேனா?

"நடக்கற பரீட்சைக்கு எதுக்குக்கா ஓடணும்?"

"ஓடிப் பாத்துட்டா நடக்கறது ஒண்ணுமே இல்லன்னு ஆயிடும். நான் ரெண்டு மாரத்தான் ஓடினவ, சொன்னா கேளு."

கேட்டாள்.

ஊர் முடிந்து காடு தொடங்கியதும் சாலை வளைந்து வளைந்து கீழே இறங்கியது. தடுப்புச் சுவரில் குரங்குகள் வரிசையாக உட்கார்ந்து எங்களை வேடிக்கை பார்த்தன. கால்கள் தாமாகவே போயின. எங்களைத் தாண்டிப் போன பேருந்திலிருந்து பிரேக் தீய்ந்த வாடை வந்தது. அப்போது அதைப் பற்றி எதுவும் தோன்றவில்லை.

8.35. ஒகேனக்கல். ஒரு மணி ஐம்பத்தைந்து நிமிடம். அந்த எண்ணைப் படமெடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு ஆளுக்கொரு மீன் வறுவல் தின்றோம். ஓர் இரவு தங்க 900 ரூபாய்க்கு மாடியில் அறை கிடைத்தது.

ஞாயிறு, காலை 6.15. கட்டிலிலிருந்து எழ முடியவில்லை. தொடை இரண்டும் பலகை மாதிரி இருந்தன. மாடிப்படியில் சுமதி கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடி பின்பக்கமாக இறங்கினாள். நானும் அப்படித்தான் இறங்கினேன்.

இதை நான் முன்பே படித்திருக்கிறேன் என்பதுதான் வேதனை. ஏறும்போது தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தள்ளுகிறது. இறங்கும்போது நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்துகிறது. நுண்ணிய இழைகள் கிழிவது அப்போதுதான். வலி அன்றைக்கு வராது. மறுநாள் வந்து, அதற்கடுத்த நாள் உச்சிக்குப் போகும். பதினாறு கிலோமீட்டரும் நாங்கள் பிரேக் போட்டுக்கொண்டே வந்திருக்கிறோம். தசை ரொம்பச் சிதைந்து சிறுநீர் டீ நிறத்தில் போனால் உடனே ஆஸ்பத்திரி என்பதும் நினைவுக்கு வந்து, அவளிடம் கேட்டேன்.

"நல்லாத்தான் போவுது. வெள்ளிக்கிழமைக்கு என்ன பண்றதுன்னு சொல்லுங்க."

எண்ணெய் தேய்த்துப் பார்ப்போம் என்று ஆற்றங்கரைக்குக் கூட்டிப்போனேன்.

8.00. ஒகேனக்கல்லுக்கு வருகிறவர்கள் எண்ணெய் தேய்த்துக்கொள்ளாமல் போவதில்லை. பெண்களுக்குத் தேய்த்துவிடும் லட்சுமி 400 ரூபாய் சொன்னார். முப்பது வயதிருக்கும்.

"நல்லா அழுத்தி முறிச்சு வுடுங்கக்கா. வெள்ளிக்கிழமை நான் நடந்தாகணும்" என்றாள் சுமதி.

லட்சுமி தொடையில் ஒரு விரலை வைத்தார். சுமதி துள்ளிவிட்டாள்.

"இதுமேல அழுத்தினா எனக்கு நானூறு, உங்களுக்கு இன்னும் ரெண்டு நாள் வலி. வேணாங்க. மேலாப்புல எண்ணெ தடவி வுடறன், நூறு குடுங்க போதும். யாருங்க உங்கள இப்புடி ஓட வுட்டது?"

சுமதி என்னைக் கை காட்டினாள்.

"மொகத்தப் பாத்தா படிச்ச புள்ளயாட்டம் இருக்குது" என்றார் லட்சுமி.

11.20. தருமபுரிப் பேருந்து. நேற்று இறங்கிய வளைவுகளில் வண்டி முக்கி முனகி ஏறியது. ஐஸ் கட்டி, நீட்சிப் பயிற்சி, முட்டை, நாளைக்கு மூன்று கிலோமீட்டர் என்று நான் கைப்பேசியில் அட்டவணை போட்டுக்கொண்டிருந்தேன். சுமதி என் கையிலிருந்து அதை வாங்கி என் பைக்குள்ளேயே போட்டாள்.

"ஒண்ணும் பண்ண வேணாம்க்கா. தூங்கறன், சாப்புடறன், வூட்டுக்குள்ளயே நடக்கறன். நீங்க சும்மா இருங்க, அது போதும்."

சும்மா இருப்பது எனக்கு எந்த மாரத்தானைவிடவும் கஷ்டம்.

அதியமான்கோட்டை நிறுத்தத்தில் இருவரும் பின்பக்கமாகப் படியிறங்கினோம். "என்னம்மா, பஸ்ஸுக்கு முதுகு காட்டக் கூடாதுன்னு வேண்டுதலா?" என்றார் நடத்துநர். பேருந்தே சிரித்தது. சுமதி சிரிக்கவில்லை.

அன்றிரவே பெங்களூர் திரும்பினேன். அங்கே என் வீடு மூன்றாவது மாடி. செவ்வாய் வரை பின்பக்கமாக இறங்கினேன். புதனன்று கைப்பிடியைப் பிடித்தபடி நேராக. ஒவ்வொரு படியிலும், அவள் இன்று எப்படி இறங்குகிறாளோ என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் கூப்பிடவில்லை.

வெள்ளி, காலை 10.20. அவளே அழைத்தாள். மூன்று மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.

"எட்டு நிமிஷந்தான் மிச்சம்க்கா. ஓடாம இருந்திருந்தா அரமணி நேரம் இருந்திருக்கும்."

ஒகேனக்கல்லில் எடுத்த அந்தப் படத்தைக் கைப்பேசியிலிருந்து அழித்துவிட்டேன். அவளுடைய எட்டு நிமிடத்தை மட்டும் யாரிடம் வேண்டுமானாலும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.