டுடெக்கின் சம்மதம்

ராய் டுடெக் சொந்த ஊரான பஃபலோவை விட்டுப் போனது ஆகஸ்ட் மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. மாவட்டத்தின் ஆண்டுச் சந்தை நடந்துகொண்டிருந்த வாரம். விமான நிலையம்வரை கொண்டுபோய் விட அவன் மனைவி வாண்டாவுக்கு மனம் வரவில்லை. டாக்சி பிடித்துப் போகச் சொல்லிவிட்டுத் தன் சலூனைத் திறந்து, முதலில் வந்த பெண்மணியின் தலைக்குச் சாயம் பூச ஆரம்பித்தாள்.

ராய் பேஸ்பாலில் இடது கையால் பந்து வீசுகிறவன். ஆட்டம் முடியப்போகும் நேரத்தில் ஒரே ஒரு மட்டையாளரை வெளியேற்ற இறக்கிவிடுவார்கள். அதிலும் பாதி நாள் கோட்டை விடுவான். இந்த வீரனின் பின்னால் ஊர் ஊராகப் பெட்டி கட்டித் திரிந்தவள் வாண்டா. கடைசியில் சொந்த ஊர் அணியே அவனைக் கூப்பிட்டபோது, சலூன் வைக்கப்போகிறேன், இனி நகர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். அதற்காக அவன் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, தன் சம்மதமில்லாமல் தன்னை எந்த அணிக்கும் ட்ரேட் செய்து கைமாற்றக்கூடாது என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கினான்.

அன்றிலிருந்து அவன் கால் தரையில் படவில்லை. பந்து வீசித் தோற்ற இரவுகளில்கூட மதுக்கடையில் உட்கார்ந்து, என்னைக் கேட்காமல் ஒருவனும் என்னை அசைக்க முடியாது என்று அளந்துகொண்டிருந்தான்.

ஜூலைக் கடைசியில் மேலாளர் ஹாலிஸ்டர் நிஜமாகவே கேட்டார். ஹாமில்டன் அணிக்கு இடதுகைக்காரன் ஒருவன் தேவைப்பட்டான். பாலத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் ஓட்டினால் ஹாமில்டன். இரவு ஆட்டம் முடித்து வீட்டுக்கே வந்து படுக்கலாம். ராய் வாண்டாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மேலாளர் தன்னிடம் கெஞ்சும் சுகம் எங்கே தீர்ந்துவிடுமோ என்று மூன்று முறை யோசிப்பதாகச் சொல்லி, நான்காவது முறை முடியாது என்றான்.

அடுத்த வாரமே ஹாலிஸ்டர் அவனை வேவரில் போட்டார். பழைய சோபாவைத் தெருவோரம் வைத்துவிட்டு உள்ளே போகிற மாதிரிதான் அது. யாருக்கு வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம். புள்ளிப் பட்டியலில் கடைசியாகக் கிடக்கும் அணிக்கே முதல் உரிமை. இரண்டு நாளில் ஆயிரம் மைல் தள்ளியிருந்த டல்சா அணி எடுத்துக்கொண்டது.

ராய் ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு ஓடினான். ஹாலிஸ்டர் அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"ட்ரேடுன்னா உன்னக் கேக்கணும், கேட்டோம். இது ட்ரேடு இல்லப்பா. நாங்க உன்ன யாருக்கும் குடுக்கல, வேணாம்னு வெளிய வச்சோம். அவங்க எடுத்துட்டாங்க."

வீட்டுக்கு வந்து அவன் அழாத குறையாகச் சொன்னதை வாண்டா கடைசிவரை கேட்டாள். ஹாமில்டன் கதை அப்போதுதான் அவள் காதுக்கு வந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் போகமாட்டேன்னியா? இப்ப டல்சாவுக்குப் போ, துரை. அங்க வெயில்ல நின்னு உன் சம்மதத்த விசிறியா வச்சு வீசிக்கோ. நான் வரல."

வராமலே இருந்துவிட்டாள். அக்டோபரில் டல்சாவும் அவனைத் தெருவோரம் வைத்தது. இம்முறை எடுத்துக்கொள்ள யாருமில்லை. தோள் வீங்கித் திரும்பி வந்தவனைச் சலூனில் தொலைபேசி எடுக்கவும் தரை கூட்டவும் வைத்துக்கொண்டாள். வந்தவர்கள் தலையில் நுரையோடு கேட்டால், என் புருஷனை யாரும் அசைக்க முடியாது, அந்த நாற்காலியைவிட்டுக்கூட எழுந்திருக்க மாட்டார் என்பாள். ஹாலிஸ்டரைப் பற்றி அவள் சொன்னவை அச்சில் ஏறாது.

இருபத்திரண்டு வருடம் கழித்துச் சலூன் தொலைபேசிக்கு அணியின் அலுவலகத்திலிருந்து ஒரு குறுஞ்செய்தி வந்தது. வாண்டா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ராய்க்குச் சத்தமாக வாசித்துக் காட்டினாள்.

"அன்புள்ள திரு. டுடெக், பழைய மைதானத்தை இடிக்கிறோம். வாயிலில் முன்னாள் வீரர்கள் வரிசையில் உங்கள் பெயர் பொறித்த செங்கலைப் புதிய இடத்துக்கு மாற்ற உங்கள் சம்மதம் தேவை. இரண்டு நாளுக்குள் பதில் வராவிட்டால், விரும்புகிறவர்கள் எடுத்துக்கொள்ளத் தெருவோரம் வைத்துவிடுவோம்."