சிவப்பு அட்டையும் சுகுணாவின் கடைசிப் பக்கமும்

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வேன் ஓட்டுகிறவனுக்கு அது ஆகாது என்று வீட்டிலும் சொல்கிறார்கள், ரோட்டிலும் சொல்கிறார்கள். ஆனால் சுகுணா அக்காவைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் கோபப்படாமல் பேச எனக்குத் தெரியாது.

என் பெயர் வீரமணி. பாப்பாரப்பட்டிப் பக்கத்துக் கிராமங்களில் பெண்களை ஏற்றிக்கொண்டு போய், தருமபுரி தாண்டி ஒரு சட்டைக் கம்பெனியில் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப அழைத்து வருகிறேன். கம்பெனியின் பெயர் வேண்டாம். வெளிநாட்டுக்கு வெள்ளைச் சட்டை தைத்து அனுப்புகிற கம்பெனி, அவ்வளவு போதும். உள்ளே நடப்பதெல்லாம் வேனில் ஏறியதும் கொட்டிவிடுவார்கள். பதினோரு வருஷமாகக் கேட்டுக் கேட்டு, உள்ளே வேலை செய்யாமலே அந்தக் கம்பெனி எனக்கு அத்துப்படி.

சுகுணா அக்கா அங்கே நூல் வெட்டுகிற ஹெல்பராகச் சேர்ந்தார். பிறகு டெய்லர், பிறகு செக்கர். செக்கர் என்றால் தைத்து வருகிற சட்டையை வெளிச்சத்தில் விரித்துப் பார்த்து, குறை இருந்தால் ஒதுக்கி வைக்கிறவர். அவர் கண்ணுக்கு ஒரு நூல் பிசிறுகூடத் தப்பாது. கேழ்வரகுக் காட்டில் களை பிடுங்கிய கண்ணு, தம்பி, என்பார்.

அவர் நான்கு நிர்வாகத்தைப் பார்த்தவர். முதலில் வந்தவருக்கு வாய்தான் நிர்வாகம். காலையில் ஆரம்பித்தால் சாயங்காலம் வரை கத்துவார். இரண்டாமவர் ஸ்டாப்வாட்சோடு வந்தார்; பெண்கள் தண்ணீர் குடிக்கப் போனால்கூட நேரம் பார்த்தார். மூன்றாமவர் வந்ததும் சுவரெல்லாம் போஸ்டர். தரமே நம் உயிர் என்று ஆளுயரத்துக்கு எழுதி ஒட்டினார்கள். அதற்குக் கீழேயே ஒரு பலகை. யார் தைத்த சட்டையில் குறை வந்ததோ அவர் பெயரில் சிவப்பு அட்டை. ஒரு மாதத்தில் மூன்று அட்டை தொங்கினால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்த அட்டையில் பெயருக்கு இடம் இருந்தது, தேதிக்கு இடம் இருந்தது, செக்கர் கையெழுத்துக்கும் இடம் இருந்தது. எந்த மிஷினில் தைத்தது என்று எழுத மட்டும் இடமே இல்லை. படித்துப் பட்டம் வாங்கியவர்கள் போட்ட அட்டை அது.

பதினாலாம் நம்பர் மிஷினில் உட்கார்ந்தவர்கள் வரிசையாக வேலை இழந்தார்கள். இரண்டு வருஷத்தில் மூன்று பேர். மூன்று பேர் சட்டையிலும் ஒரே குறை, காலர் ஓரத்தில் எண்ணெய்க் கறை. மூன்றாவதாகப் போனவள் தெரசா. அவளுடைய மூன்று அட்டையிலும் கையெழுத்துப் போட்டவர் சுகுணா அக்கா. மூன்று பேரும் கவனமில்லாதவர்கள் என்று ஆபீஸ் முடிவு கட்டியது. ஒரே இடத்தில் உட்காரும்போது மட்டும் மூன்று பேருக்கும் எப்படிக் கவனம் போகும் என்று ஒருத்தருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

பெண்கள் அந்த இடத்தை ராசியில்லாத சீட்டு என்றார்கள். ஆயுத பூஜைக்கு மற்ற மிஷினுக்கெல்லாம் ஒரு பொட்டு, அதற்கு மட்டும் மூன்று பொட்டு. தீர்த்தமலைக்குப் போனவர்கள் பாட்டிலில் தீர்த்தம் கொண்டுவந்து தெளித்தார்கள். ஆபீசில் அதைச் சொல்லிச் சிரித்தார்களாம். சிரிக்க அவர்களுக்கு என்ன யோக்கியதை? இந்தப் பெண்களாவது குற்றம் சீட்டில் இருக்கிறது என்ற அளவுக்கு வந்திருந்தார்கள்.

தெரசாவுக்குப் பிறகு அங்கே உட்கார்ந்தவள் செல்லி. செங்கல் சூளையிலிருந்து தப்பித்து, புருஷனோடும் இரண்டு பிள்ளைகளோடும் ஊருக்கு வந்து, தையல் கற்றுக்கொண்டவள். இந்த வேலை போனால் திரும்பவும் சூளைதான். முதல் மாதமே இரண்டு அட்டை விழுந்தது. அன்றைக்கு என் வேனில்தான் அந்த ஏற்பாடு பிறந்தது. செல்லியின் கறையை ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டுக்கொள்வது. இந்த வாரம் என் பெயரில் எழுதுங்கள், அடுத்த வாரம் அவள் பெயரில் எழுதுங்கள் என்று சீட்டுக் கட்டுவதுபோல முறை வைத்துக்கொண்டார்கள். யாருக்கும் மூன்றாவது அட்டை விழாது. எழுத வேண்டியவர் சுகுணா அக்கா. நான் கண்ணாடியில் பார்த்தேன். அவர் சரி என்று தலையாட்டினார்.

ஆறு மாதம் ஓடியது. செல்லி பிழைத்தாள். மிஷினும் பிழைத்தது. அந்த அவலத்தைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை. பயந்துபோய் இந்தப் பெண்கள் செய்த நல்ல காரியம், எண்ணெய் கக்குகிற மிஷினைப் பத்திரமாக மூடி வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது.

நான்காவதாக வந்தவர் மாதவராஜ், தர மேலாளர். கத்தவில்லை, கடிகாரம் பார்க்கவில்லை. ஆளைக் குறை சொல்லாதே, வேலை நடக்கிற முறையைப் பார் என்பது அவர் படித்துவிட்டு வந்த பாடம். ஆறு மாதத்து அட்டைகளையெல்லாம் பரப்பி வைத்துப் பார்த்தவருக்குத் தலை சுற்றியது. அங்கே தைக்கிற இருபத்திரண்டு பேருக்கும் குறை சமமாக வந்திருந்தது. உலகத்தில் எந்தக் கம்பெனியிலும் தப்பு இப்படிப் பங்கு பிரித்தாற்போல் வராது, இது பொய்க் கணக்கு என்று சொல்லிவிட்டார். சொன்னது சரி. ஆனால் அதை வைத்துக்கொண்டு மேலே இருந்த ஜெனரல் மேனேஜர் செய்ததைப் பாருங்கள். வெளி ஆளை செக்கராகப் போட்டு, பழையபடி அட்டை எழுதச் சொன்னார். இரண்டே நாளில் செல்லி பெயரில் இரண்டு அட்டை. மூன்றாவது நாள் காலை வேனில் செல்லி சோற்று டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

சுகுணா அக்கா வேனை விட்டு இறங்கி நேராக ஆபீசுக்குப் போனார். கையில் அவருடைய செக்கிங் நோட்டு. தெரசா போன நாளிலிருந்து, அட்டையில் யார் பெயரை எழுதினாலும், எந்த மிஷினில் வந்த கறை என்பதை அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒளித்துக் குறித்து வைத்திருந்தார். எழுபத்தொரு கறை. அதில் ஐம்பத்தெட்டு பதினாலாம் நம்பர். ஜெனரல் மேனேஜரும் மாதவராஜும் இருந்த அறையில் அதை விரித்து வைத்து அவர் சொன்னதை, டீ கொண்டு போனவர் அன்றைக்கே என்னிடம் சொன்னார்.

"அட்டையில பொய் எழுதுனது நான்தானுங்க. என்னைய வூட்டுக்கு அனுப்புறதுன்னா அனுப்புங்க. அதுக்கு முன்னாடி அந்த மிஷினைக் கழட்டிப் பாருங்க."

மாதவராஜ் அப்போதே எழுந்து போய்க் கழற்ற வைத்தார். உள்ளே எண்ணெய் கசியாமல் தடுக்கிற சீல் தேய்ந்து போயிருந்தது. வாரா வாரம் எண்ணெய் குறைவதைப் பார்த்து ஊற்றிக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம், ஏன் சொல்லவில்லை என்று கேட்டார்கள். என்னை யாரும் கேட்கவில்லையே என்றார். மாற்ற அரை மணி நேரம் பிடித்தது. மூன்று பெண்களின் பிழைப்பை விழுங்கிய கோளாறு, அரை மணி நேர வேலை!

செல்லி தப்பித்தாள். பலகை இறங்கியது. சுகுணா அக்காவை வெளியே அனுப்ப மாதவராஜ் விடவில்லை; செக்கிங் மேஜையையே திரும்பக் கொடுத்தார். அதோடு ஆபீஸ் சும்மா இருந்திருக்கலாம்; அக்காவின் போட்டோவைப் பெரிதாக்கி, தரத்தின் நாயகி என்று எழுதி, அதே பலகை இருந்த இடத்தில் மாட்டியது. பூசி மெழுகுவதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா என்னைக் கூப்பிட்டார். கடத்தூர் பக்கம் தெரசாவின் அம்மா வீட்டுக்குப் போனோம். வேலை போனதிலிருந்து அவள் அங்கேதான். தக்காளிக் காட்டிலிருந்து கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். அக்கா எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். தெரசா கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"அப்பவே சொன்னேனேக்கா, மிஷின்தான் எண்ணெய் கக்குதுன்னு. சாக்கு சொல்லாதேன்னுட்டு நீங்கதான கையெழுத்துப் போட்டீங்க."

திரும்பி வரும்போது அக்கா அழுதார்.

திங்கட்கிழமை அவர் மாதவராஜிடம் போய், போட்டோவைக் கழற்றுங்கள், அந்த மூன்று பேரையும் கூப்பிடுங்கள், இரண்டும் நடக்கிற வரைக்கும் சட்டையைத் தொட மாட்டேன் என்று செக்கிங் மேஜையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். மாதவராஜ் நல்ல மனுஷன்தான். மேலே மூன்று நாள் மல்லுக்கு நின்றார். போட்டோ இறங்கியது. மற்ற இரண்டு பேரும் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள், வரவில்லை. தெரசாவைச் சேர்த்துக்கொள்ள ஆபீஸ் சம்மதித்தது, புது ஆளாக. பழைய சர்வீஸ் கிடையாது; புதுசாக விண்ணப்பம் எழுத வேண்டுமாம். தப்பு செய்தவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருக்க, இவள் விண்ணப்பம் எழுத வேண்டும்!

தெரசா பஸ்ஸில் வந்து இறங்கினாள். கேட்டில் செக்யூரிட்டி மேஜைமேல் வைத்து விண்ணப்பத்தை எழுதினாள். அக்காவும் நானும் பக்கத்தில் நின்றோம். முந்தைய வேலையை விட்டதற்கான காரணம் என்று ஒரு கேள்வி இருந்தது. ஆபீசில் யாரோ பழைய ஃபைலைப் பார்த்து அதில் முன்கூட்டியே நிரப்பிக் கொடுத்திருந்தார்கள், கவனக்குறைவு என்று.

தெரசா அதை ஒரே கோட்டில் அடித்தாள். மேலே தெளிவாக எழுதினாள், மிஷின் நம்பர் பதினாலு. பிறகு பேனாவை அக்காவிடம் நீட்டி, பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னாள்.