பாலமுனைக் கடையில் ஒரு கலாநிதிப் பரீட்சை

அக்கரைப்பற்றுக்கு நெல் பார்க்கப் போகிற வழியில், பாலமுனைத் தேத்தண்ணிக் கடையொன்றில் காரை நிறுத்துகிறேன். ஜேர்மனியில் என் மகளுக்குக் கலாநிதிப் பட்டத்துக்கான கடைசிப் பரீட்சை. இணையத்தில் எவரும் பார்க்கலாமாம். போனைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருக்கிறேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் கல்முனையில் இரண்டு நெல் ஆலைகளைத் தனியாளாக எழுப்பியவன்.

பல நூறு வருடம் பழைய பல்கலைக்கழகம். மண்டபச் சுவர் முழுக்க மௌத்தாகி மண்ணுக்குள் போன பேராசிரியர்களின் படங்கள், ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. உப்பேறிய வயல் மண்ணைப் பற்றி மகள் பேசி முடிக்கிறாள். தலை நரைத்த ஐந்து பேர் கேள்விகள் கேட்டுவிட்டு வெளியே போகிறார்கள். திரும்பி வந்து அவர்களில் ஒருவர் எனக்கு விளங்காத ஜேர்மன் மொழியில் ஏதோ அறிவித்ததும், மண்டபமே விரல்களை மடக்கி மேசைகளில் குத்துகிறது.

கடைக்காரர் எட்டிப் பார்க்கிறார். "என்ன ஹாஜியார், மேசைய உடைக்கிறானுகள்? புள்ள பெயிலா?"

"அப்பிடித்தான் கிடக்கு" என்கிறேன். உடனே மகளுக்குக் குரல்பதிவு அனுப்புகிறேன்: "கவலப்படாதீங்க மகள். வந்து நம்மட ஆலையில வேலையப் பாருங்க."

கொஞ்ச நேரத்தில் அவள் சிரித்துக்கொண்டே அழைக்கிறாள். "வாப்பா, இஞ்ச பாராட்டுறதுக்குக் கை தட்டமாட்டாங்க, மேசையிலதான் தட்டுவாங்க. நான் பாஸ்!"

"அப்ப ஆலை வேல?" என்று கடைக்காரர் கேட்கிறார்.

"அதுவும் இருக்கு" என்கிறேன். ஜேர்மனியில் பட்டம் கிடைத்த அதே நிமிடத்தில் கல்முனையில் வேலையும் கிடைத்த பிள்ளை, இந்தக் கரையோரத்தில் வேறு எவருக்கு இருக்கிறது?